பீரோ சாவியிலிருந்து தொடங்குங்கள்: பள்ளி நூலகத்தைக் கூடிக் கற்கும் இடமாக்குவது

கேள்வி இதுதான். மதுராந்தகம் பக்கத்தில் ஓர் அரசு உயர்நிலைப் பள்ளி, 6 முதல் 10 வரை வகுப்புகள். நூலகம் என்று ஓர் அறை இருக்கிறது. உள்ளே ஐந்து பீரோ, சுமார் 3,000 புத்தகம், ஒரு நீள மேசை. தனி நூலகர் கிடையாது, தமிழாசிரியர் பொறுப்பில் இருக்கிறது. பழைய மாணவர்கள் சேர்ந்து 2 லட்சம் ரூபாய் தருவதாகச் சொல்கிறார்கள். பிள்ளைகள் குழுவாக உட்கார்ந்து தேடி, பேசி, எழுதிக் கற்கிற இடமாக அதை மாற்ற என்ன வாங்கலாம், எப்படித் தொடங்கலாம் என்று தலைமை ஆசிரியை கேட்கிறார். கூடவே ஒரு ஃபர்னிச்சர் கடையின் கொட்டேஷனையும் அனுப்பியிருக்கிறார்: வட்ட மேசைகள், சுழல் நாற்காலிகள், சுவரில் மாட்ட ஒரு பெரிய டிவி.

மேடம், கொட்டேஷனைக் கொஞ்ச நாள் ஓரமாக வையுங்கள். முதலில் கேட்க வேண்டியது வேறு: அந்த ஐந்து பீரோக்களின் சாவி யாரிடம் இருக்கிறது? அவர் லீவு போட்ட நாளில் என்ன நடக்கிறது? நான் பார்த்த பெரும்பாலான பள்ளிகளில் விடை ஒன்றுதான். சாவி ஒருவரிடம், அவரும் அதைத் தரத் தயங்குவார். அவரைக் குறை சொல்லிப் பயனில்லை. இருப்புப் பதிவேட்டில் அவர் கையெழுத்து இருக்கிறது. நாளைக்குத் தணிக்கையில் 40 புத்தகம் குறைந்தால் தன் சம்பளத்தில் பிடிப்பார்கள் என்ற பயம். பயப்படுகிற மனிதர் பூட்டத்தான் செய்வார். பூட்டிய பீரோவைச் சுற்றி எவ்வளவு அழகான வட்ட மேசை போட்டாலும் அது கூடிக் கற்கும் இடம் ஆகாது.

ஆகவே முதல் வேலை அந்தப் பயத்தை எடுப்பது. மத்திய அரசின் 2017ஆம் ஆண்டுப் பொது நிதி விதிகளில் விதி 215 நூலகப் புத்தகங்களுக்கானது. ஓர் ஆண்டில் வழங்கப்பட்ட அல்லது எடுத்துப் பார்க்கப்பட்ட ஒவ்வொரு 1,000 புத்தகத்துக்கும் 5 புத்தகம் வரை தொலைவதை இயல்பான இழப்பாகக் கொள்ளலாம் என்கிறது அது. நேர்மைக் குறைவோ அலட்சியமோ காரணமாக இருக்கக் கூடாது, 1,000 ரூபாய்க்கு மேற்பட்ட நூலும் அரிய நூலும் தொலைந்தால் விசாரிக்க வேண்டும் என்பவை நிபந்தனைகள். இது மத்திய அரசு அலுவலகங்களுக்கான விதி, உங்கள் பள்ளியைக் கட்டுப்படுத்தாது. ஆனால் பள்ளி மேலாண்மைக் குழுவில் பேசும்போது எடுத்துக் காட்ட நல்ல ஆதாரம். புழங்கினால் சில தொலையும் என்பதை அரசாங்கமே ஒப்புக்கொண்டு எழுதி வைத்திருக்கிறது, பாருங்கள். குழுவில் ஒரு தீர்மானம் போடுங்கள்: இந்த அறையின் புத்தகங்கள் மாணவர் கையில் புழங்குவதற்காக, கிழிவதும் தொலைவதும் ஆண்டுக்கு ஒருமுறை குழுவின் முன் வைக்கப்பட்டு முறைப்படி கழிக்கப்படும், பொறுப்பாசிரியர் தனியாக ஈடு செய்ய வேண்டியதில்லை. உங்கள் துறை விதிக்கு ஒத்துவரும்படி சொற்களை அலுவலகத்தில் கேட்டுத் திருத்திக்கொள்ளுங்கள். அந்தத் தாள் ஆசிரியர் கைக்குப் போன பிறகு பீரோ திறப்பதைப் பற்றிப் பேசுங்கள்.

இதெல்லாம் புதிய சிந்தனை ஒன்றும் இல்லை. சீர்காழிக்காரர், கணக்கு வாத்தியாராக இருந்து 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரான எஸ். ஆர். ரங்கநாதன், 1931இல் எழுதிய ஐந்து விதிகளில் முதல் விதியே புத்தகம் பயன்பாட்டுக்கு என்பதுதான். வாசகர் தாமே அலமாரிக்குள் போய் எடுத்துப் பார்க்கும் முறையை அவர் அந்த நூலகத்திலேயே கொண்டுவந்துவிட்டார். கிட்டத்தட்ட நூறு வருடம் ஆகப் போகிறது, நம் பள்ளிகளில் இன்னும் பீரோக் கதவைத் தாண்டவில்லை.

அடுத்தது வேண்டாத புத்தகங்களைக் கழிப்பது. 3,000 புத்தகம் என்பது பெருமையாகச் சொல்ல நன்றாக இருக்கும். ஆனால் அதில் பாதியை எந்தப் பிள்ளையும் தொடப் போவதில்லை. பழைய கைடுகள், பாடத்திட்டம் மாறிப்போன வினாவங்கிகள், யாரோ ஓய்வு பெறும்போது தள்ளிவிட்டுப் போன ஆண்டு மலர்கள், கரையான் அரித்தவை. இவற்றை எடுத்தால்தான் நல்ல புத்தகம் கண்ணில் படும். ஒரு சனிக்கிழமை 8, 9ஆம் வகுப்புப் பிள்ளைகளில் பத்துப் பதினைந்து பேரைக் கூப்பிட்டு எல்லாவற்றையும் தரையில் பரப்பச் சொல்லுங்கள். ஆசிரியர்கள் மட்டும் மூடிய அறையில் செய்தால் எதையும் தூக்கிப் போட மனசு வராது. பிள்ளைகளுக்கு அந்த இரக்கம் கிடையாது.

ஆனால் காலாவதியான எல்லாவற்றையும் எடைக்குப் போட்டுவிட வேண்டாம். புளூட்டோவை ஒன்பதாவது கோள் என்று சொல்லும் புத்தகம், தெலங்கானா இல்லாத இந்திய வரைபடம், தமிழ்நாட்டில் 32 மாவட்டம் என்று எழுதிய பொது அறிவு நூல் என்று ஒரு பத்துப் பன்னிரண்டை ஒரு பெட்டியில் தனியாக எடுத்து வையுங்கள். கூடிக் கற்பதற்கு இதைவிட மலிவான கருவி கிடையாது. நான்கு பேர் கையில் பழையது ஒன்று, புதியது ஒன்று கொடுத்து, இரண்டும் எங்கே ஒத்துப்போகவில்லை, ஏன் என்று கேளுங்கள். 2006இல் வானியலாளர்கள் கோளுக்கு வரையறை வைத்தபோது புளூட்டோ குள்ளக்கோள் ஆனதையும், 2014இல் தெலங்கானா பிரிந்ததையும், நம் மாவட்டங்கள் 38 ஆனதையும் அவர்களே கண்டுபிடிப்பார்கள். அச்சில் வந்தது என்பதாலேயே ஒன்றை நம்பிவிட முடியாது என்பது கூடவே வந்து சேரும். அந்தப் பெட்டிக்கு ஒரு பள்ளியில் பிள்ளைகளே ‘பொய் சொல்லும் பெட்டி’ என்று பேர் வைத்திருந்தார்கள்.

இதற்கு நேர்மாறான தவறும் உண்டு. அமெரிக்காவில் மாசசூசெட்ஸில் குஷிங் அகாடமி என்ற பள்ளி 2009இல் தன் 20,000 புத்தகங்களில் பெரும்பகுதியை வெளியேற்றி, டிஜிட்டல் கற்றல் மையமாக நூலகத்தை மாற்றியது. செய்தி உலகம் முழுக்கப் பேசப்பட்டது. பணக்கார உறைவிடப் பள்ளி, ஆளுக்கொரு மடிக்கணினி உண்டு, அவர்கள் செய்து பார்க்கலாம். நம் பிள்ளைகளில் பலருக்கு வீட்டில் பாடப்புத்தகத்தைத் தவிர வேறு அச்சே இருக்காது. நாம் புத்தகத்தைக் கழிப்பது மற்ற புத்தகம் புழங்குவதற்காகத்தான். கணினிக்கும் இந்தப் பணத்தில் கை வைக்காதீர்கள். அரசு உயர்நிலைப் பள்ளிகளுக்கு ஹைடெக் லேப் வந்தாயிற்று. உங்களுடையது வேலை செய்தால் தேடிப் பார்க்க வேண்டிய நாளில் குழுவில் ஒருவர் அங்கே போய்ப் பார்த்து வரட்டும். டிவி வந்தால் அறையில் இருக்கும் 40 முகங்களும் ஒரே பக்கம் திரும்பிவிடும், நீங்கள் கேட்டதற்கு நேர் எதிர்.

இனி அறை. உங்கள் அறை 20 அடிக்கு 20 அடி என்று எழுதியிருக்கிறீர்கள். 400 சதுர அடியில் 40 பிள்ளைகள், சுவரோரம் புத்தகம். இதில் வட்ட மேசையும் நாற்காலியும் போட்டால் 20 பேர் உட்காரலாம், மீதிப் பேர் நிற்க வேண்டியதுதான். ஆகவே தரைதான். இது ஏழைக்கேற்ற ஏற்பாடு என்று நினைக்க வேண்டாம். தமிழ்நாட்டில், பிள்ளைகள் அட்டைகளை வைத்துத் தாமே செய்து கற்கும் செயல்வழிக் கற்றல் முறை 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கி, 2007-08 வாக்கில் மாநிலம் முழுக்க அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்குப் போனபோது இந்த வடிவத்தை நாமே செய்து பார்த்திருக்கிறோம். பாயில் வட்டமாகப் பிள்ளைகள், அவர்கள் உயரத்துக்குச் சுவரில் கீழ்மட்டக் கரும்பலகை, மேலே கம்பிப் பந்தல் கட்டி அதில் அவர்களின் படைப்புகளைத் தொங்கவிடுவது. அந்த முறையின் பாட ஏணி, அட்டைகள் பற்றி ஆயிரம் சண்டை போடலாம். ஆனால் அறையை அமைத்த விதம் அருமை. ஜமுக்காளம் நாலு, ஆளுக்கொரு பரீட்சை அட்டை, தரையிலிருந்து மூன்றரை அடி உயரத்துக்கு இரண்டு பக்கச் சுவரில் கரும்பலகைப் பெயிண்ட், ஒரு கம்பிப் பந்தல். தரையில் உட்கார முடியாத பிள்ளைக்காக அந்த நீள மேசையை வைத்துக்கொள்ளுங்கள். வாசலில் படி இருந்தால் ஒரு சாய்தளமும் வேண்டும்.

பீரோக்களுக்குப் பதில் திறந்த இரும்பு ரேக். நாலரை அடிக்கு மேல் உயரம் வேண்டாம், ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கு மேல்தட்டு எட்ட வேண்டும். ரேக்கைக் கட்டாயம் சுவரோடு போல்ட் போட்டு இறுக்குங்கள், பிள்ளைகள் ஏறுவார்கள். கீழ்த்தட்டு தரையிலிருந்து அரை அடியாவது தூக்கி இருக்கட்டும். ஐப்பசி கார்த்திகையில் ஓதம் ஏறினால் முதலில் போவது அந்தத் தட்டுதான். மெல்லிய படக்கதைப் புத்தகங்களுக்கு முதுகு கிடையாது, ரேக்கில் செருகினால் காணாமல் போய்விடும். அவற்றைக் கயிறு கட்டிக் கிளிப்பில் முகப்பு தெரிய மாட்டுங்கள்.

வகைப்படுத்துவதில் ரொம்ப மெனக்கெட வேண்டாம். நூலகங்களில் பொருள்வாரியாகப் போடும் டியூயி எண் எழுதியே ஆக வேண்டும் என்று சிலர் அடம் பிடிப்பார்கள். எழுதட்டும், தப்பில்லை. ஆனால் பிள்ளைகளுக்கு வண்ண டேப் போதும்: கதைக்குப் பச்சை, அறிவியலுக்கு நீலம், வரலாற்றுக்கும் ஊர்களுக்கும் சிவப்பு, இப்படி. எந்தப் புத்தகத்துக்கு எந்த நிறம் என்று பிள்ளைகள் சண்டை போட்டு முடிவு செய்யட்டும். விஞ்ஞானி ஒருவரின் வாழ்க்கை வரலாறு நீலமா சிவப்பா என்று அரை மணி நேரம் வாதாடினார்கள் என்றால் அன்றைய வகுப்பு நடந்துவிட்டது. கோஹா மாதிரி நூலக மென்பொருளும் பார்கோடும் 3,000 புத்தகத்துக்குத் தேவையில்லை. வகுப்புக்கு ஒரு நோட்டு போதும்: தேதி, பெயர், புத்தகம், திரும்பிய தேதி.

அந்த நோட்டை எழுதுவது யார் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. மாணவர் நூலகக் குழு ஒன்று போடுங்கள். ஆறாம் வகுப்பிலிருந்தும் ஆள் இருக்கட்டும். முதல் ரேங்க் வாங்குபவர்களை மட்டும் போட்டீர்களானால் இரண்டு மாதத்தில் அது இன்னொரு லீடர் பதவி ஆகிவிடும். கடைசி பெஞ்சில் துறுதுறுவென்று இருக்கிற ஒருவனிடம் கிழிந்த புத்தகம் ஒட்டும் வேலையைக் கொடுத்துப் பாருங்கள், பசை டப்பாவைக் கீழே வைக்க மாட்டான். காலாண்டுக்கு ஒருமுறை குழு மாற வேண்டும். மதிய இடைவேளையில் அறை திறந்திருப்பது அவர்கள் பொறுப்பு, சாவியும் அவர்களிடம். ஆசிரியர் அந்தப் பக்கம் எட்டிப் பார்த்தால் போதும்.

சத்தம் பற்றிக் கேட்டிருந்தீர்கள். வெளிநாட்டுப் படங்களில் அமைதி மூலை, பேசும் மூலை என்று கண்ணாடி வைத்துப் பிரித்திருப்பார்கள். ஒற்றை அறையில் அது நடக்காது, நேரத்தைத்தான் பிரிக்க முடியும். மதியம் தனியாகப் படிக்கிற நேரம், சத்தம் கூடாது. வகுப்பு வந்து உட்காரும் பாடவேளை பேசுகிற நேரம். பக்கத்து வகுப்பு ஆசிரியரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், இல்லையென்றால் முதல் வாரத்திலேயே புகார் வரும்.

சரி, அந்தப் பாடவேளையில் என்ன நடக்கும்? பல பள்ளிகளில் எல்லாம் சரியாகச் செய்துவிட்டு இங்கே கோட்டை விடுகிறார்கள். கால அட்டவணையில் ‘நூலகம்’ என்று வாரத்துக்கு ஒன்று போடுவார்கள். பிள்ளைகள் வந்து ஆளுக்கொரு புத்தகம் எடுத்துப் புரட்டிவிட்டுப் போவார்கள், தேர்வு நெருங்கினால் அதையும் கணக்கு ஆசிரியர் வாங்கிக்கொள்வார். அறிவியல், சமூக அறிவியல், தமிழ் ஆசிரியர்கள் காலாண்டுக்கு ஒரு பாடத்தை, ஒன்றே ஒன்றை, இந்த அறையில் நடத்துவதாக ஒப்புக்கொள்ள வேண்டும். அவர்கள் பாடத்தை அவர்களே இங்கே நடத்தும்போது பாடவேளையை யாரும் பறிக்க முடியாது.

குழு வேலை என்றால் ஒரு பெண் எழுதுவாள், மூன்று பேர் வேடிக்கை பார்ப்பார்கள். இதற்கு நல்ல மருந்து ஜிக்சா முறை. 1971இல் டெக்சாஸ் மாநிலம் ஆஸ்டினில், கறுப்பின, வெள்ளையின, ஸ்பானிய வழிப் பிள்ளைகள் ஒரே வகுப்பில் முதன்முறையாகச் சேர்ந்து உட்கார்ந்து முட்டிக்கொண்டிருந்தபோது, எலியட் அரோன்சன் என்ற உளவியலாளர் உருவாக்கியது. ஒரு பாடத்தை நான்கு துண்டாக்கி, குழுவில் ஒவ்வொருவருக்கும் ஒரு துண்டு மட்டும் கொடுப்பது. மற்றவர் சொல்வதைக் கேட்காமல் யாருக்கும் முழுப்பாடம் கிடைக்காது.

உங்கள் ஊருக்கு வேடந்தாங்கலை எடுத்துக்கொள்வோம். வகுப்பில் 40 பேர் என்றால் நால்வர் கொண்ட 10 குழு. கேள்வி ஒன்று: பறவைகளை இந்த ஊர் ஏன் காப்பாற்றியது? குழுவில் ஒருவருக்குப் பறவைகள்: என்னென்ன வருகின்றன, எந்த மாதத்தில், ஏன் தண்ணீரில் நிற்கும் மரத்தில் கூடு. இரண்டாமவருக்கு வயல்: பறவை எச்சம் விழுந்த ஏரித் தண்ணீர் பாய்ந்தால் விளைச்சலுக்கு என்ன ஆகிறது. இதற்குப் புத்தகம் குறைவு, வீட்டில் விவசாயம் செய்கிற தாத்தாவையோ அத்தையையோ கேட்டு எழுதி வர வேண்டும். மூன்றாமவருக்கு வரலாறு: 1798இல் ஊர்க்காரர்கள் கலெக்டர் லயனல் பிளேஸிடம் பறவைகளைக் காக்கும் உரிமைக்குக் கவுல் (உரிமைப் பத்திரம்) எழுதி வாங்கிய கதை. நான்காமவருக்கு இன்றைய சட்டம்: சரணாலயம் என்றால் என்ன தடை, 2022இல் ராம்சார் என்ற உலக ஈரநிலப் பட்டியலில் சேர்ந்ததால் என்ன பொருள்.

ஒரே தலைப்புக்காரர்கள் 10 பேர் வருவார்கள், அவர்களை ஐந்தைந்து பேராகப் பிரித்து இரண்டு வட்டமாக உட்கார வையுங்கள். ஒரு பாடவேளை அங்கே சேர்ந்து படித்துக் குறிப்பு எடுப்பார்கள். அடுத்த பாடவேளை தங்கள் குழுவுக்குத் திரும்பி மற்ற மூவருக்கும் சொல்ல வேண்டும். கடைசியில் குழுவுக்கு ஒரு பெரிய தாள், கம்பிப் பந்தலில் தொங்கும். மூன்று பாடவேளை, அதற்கு மேல் இழுக்காதீர்கள். இதில் ஒரு வேடிக்கை நடக்கும் பாருங்கள். மதுராந்தகம் ஏரி உடையாமல் ராமர் காத்தார் என்று உங்கள் ஊரில் சொல்லும் கதையில் வருகிற வெள்ளைக்காரக் கலெக்டரும் இதே பிளேஸ்தான். வரலாற்று வட்டத்தில் யாராவது ஒரு பிள்ளை அதைப் பிடித்துவிட்டால், நீங்கள் வகுப்பை நடத்த வேண்டியதில்லை, அது தன்னால் ஓடும்.

ஆறாம் வகுப்புக்கு வந்தும் கூட்டிக் கூட்டிப் படிக்கிற பிள்ளைகள் இருப்பார்கள். மறைப்பதற்கு ஒன்றுமில்லை, எல்லாப் பள்ளியிலும் உண்டு. அவர்களைத் தனியாக ஒதுக்காமல் குழுவுக்குள் வைக்க வேண்டுமென்றால் எளிய புத்தகம் எல்லோர் கையிலும் இருக்க வேண்டும். 2023இல் வந்த அரசின் வாசிப்பு இயக்கத்தின் ‘நுழை, நட, ஓடு, பற’ புத்தகங்கள் ஏதாவது பீரோவின் அடித்தட்டில் கட்டுப் பிரிக்காமல் இருக்கும், தேடிப் பாருங்கள். மாணவர்களுக்கான தேன்சிட்டு இதழ்களும் அப்படித்தான். பிரதம் புக்ஸின் ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்ப் படக்கதைகள் திறந்த உரிமத்தில் இருக்கின்றன, இறக்கி அச்செடுத்துக்கொள்ளலாம். ஒன்பதாம் வகுப்பில் நன்றாகப் படிக்கிற ஒருவரும் ஆறாம் வகுப்பில் திணறுகிற ஒருவரும் ஜோடியாக வாரத்துக்கு இரண்டு மதியம் சேர்ந்து வாசிக்கட்டும். இருவருக்குமே பலன் இருக்கிறது, எனக்குத் தெரிந்து பெரியவருக்கு இன்னும் கொஞ்சம் அதிகம்.

பத்தாம் வகுப்பு பற்றி உங்கள் கவலை நியாயமானது. தேர்ச்சி விகிதம் குறைந்தால் உங்களைத்தான் கேட்பார்கள். மாலையில் ஒரு மணி நேரம் அறையை அவர்களின் குழுப் படிப்புக்கு விட்டுவிடுங்கள், கைடோடு வந்தாலும் பரவாயில்லை. கதைப் புத்தகம் படிக்கச் சொல்லி மார்ச் மாதத்தில் யாரும் அவர்களை வற்புறுத்த வேண்டாம்.

இப்போது பணம். 2 லட்சத்தில் என் கணக்கு இப்படி இருக்கும். புத்தகத்துக்கு 80,000, ரேக்குக்கு 45,000, வெளிச்சம், மின்விசிறி, பெயிண்டுக்கு 25,000, ஜமுக்காளம், அட்டை, தாள், பசை வகையறாவுக்கு 20,000. புத்தகப் பணத்தை ஒரே ஆர்டரில் கொட்டிவிடாதீர்கள். யாரோ ஒரு விற்பனையாளர் மொத்தமாக ஒரு லிஸ்ட் கொடுப்பார், கழிவும் தாராளமாகத் தருவார், வந்து இறங்குவது முழுக்கப் பொன்மொழித் தொகுப்பாக இருக்கும். மாவட்டப் புத்தகத் திருவிழா நடக்கும்போது நூலகக் குழுவைக் கூட்டிப்போய், ஆளுக்கு 500 ரூபாய்க்குக் கூப்பன் மாதிரி கொடுத்து அவர்களையே தேர்ந்தெடுக்க விடுங்கள். பேய்க் கதையும் கோலப் புத்தகமும் வாங்குவார்கள். வாங்கட்டும். மெல்லிய படக்கதைகள் பல இன்னும் 100 ரூபாய்க்குள் கிடைக்கின்றன. பள்ளிக் கல்வித் திட்டமான சமக்ர சிக்ஷாவின் நூலக மானியம் பள்ளியின் நிலையைப் பொறுத்து 5,000 முதல் 20,000 ரூபாய் வரை உண்டு, அதன் கணக்கைத் தனியாக வையுங்கள். பழைய மாணவர்கள் பணத்தை ரொக்கமாக வாங்காதீர்கள். 2022 டிசம்பரில் தொடங்கிய ‘நம்ம ஸ்கூல் நம்ம ஊருப் பள்ளி’ என்ற அரசுத் திட்டம் இதற்காகவே இருக்கிறது. திறப்பு விழாவும் கல்வெட்டும் கேட்பார்கள், கல்வெட்டுச் செலவை அவர்கள் தனியாகப் பார்த்துக்கொள்ளட்டும்.

கூட்டினால் 30,000 மிச்சம் இருக்கும். அதை அரையாண்டுத் தேர்வு வரைக்கும் தொடாதீர்கள். தேர்வு முடிந்ததும் வகுப்பு நோட்டுகளை எடுத்து வைத்துக்கொண்டு வருகைப் பதிவேட்டோடு பெயர் பெயராக ஒப்பிட்டுப் பாருங்கள். எத்தனை புத்தகம் போயிற்று என்று பார்க்க வேண்டாம். ஒருமுறைகூட வராத பெயர்கள் எவை? பெரும்பாலும் ஒரே தெருவிலிருந்து வருகிறவர்களாக இருக்கலாம், மதியம் தம்பியைப் பார்க்க வீட்டுக்கு ஓடுகிற பெண் பிள்ளைகளாக இருக்கலாம், நூலகக் குழுவில் இருக்கும் எவனுக்கோ பயந்தவர்களாகவும் இருக்கலாம். அவர்களைக் கூப்பிட்டுக் கேளுங்கள். புத்தகம் வீட்டுக்குப் போக வேண்டுமா, நேரத்தை மாற்ற வேண்டுமா, குழுவை மாற்ற வேண்டுமா என்பது அப்போது தெரியும். அந்த 30,000 அதற்கு.